மந்திரி பார்த்த மாப்பிள்ளை

உட்காருங்கள். தங்கை வேலை முடிந்து வர நேரமாகும். அந்தச் சட்டையையா போட்டிருக்கிறீர்கள்? தோள்பட்டையைப் பிடித்துத் தைத்தபின் எடுப்பாகத்தான் இருக்கிறது. தைத்தவளே சொல்லிக்கொள்கிறாள் என்று நினைக்காதீர்கள்.

என் மேல் என்ன குற்றம் என்று நேராகக் கேட்டுவிட்டீர்கள், நானும் நேராகவே சொல்கிறேன். உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. சோப்பை மாற்றினீர்கள், தலைக்கு வைக்கும் எண்ணெயை மாற்றினீர்கள், சத்தம் வரக்கூடாதென்று வெறுங்காலோடு உள்ளே வந்தீர்கள். ஒரு பூனையிடம் நல்ல பெயர் வாங்க இவ்வளவு பாடுபட்ட ஆளை நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் உங்கள் மேல் இல்லை. அவள் மேல்தான். இன்னும் ஆறவில்லை.

அம்மா போனபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அதன்பின் அவளுக்கு எல்லாமே நான்தான். எனக்கு வந்த வரன்களைத் தட்டிக்கழித்தேன். அவள் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன். ஆனால் உங்களைக் கட்டிக்கொள்ளப்போவதை அவள் முதலில் சொன்னது பூனையிடம். அடுக்களையில் நின்று என் காதால் கேட்டேன். அப்புறம்தான் என்னிடம் வந்தாள்.

"இனிமேலாவது நீ உனக்காக வாழு அக்கா" என்றாள், அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பது போல.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சிரித்த முகத்தோடு டீ போட்டுக் கொடுத்தேன்.

பூனைக்கு மந்திரி என்று பேர் வைத்தது அவள்தான். வீட்டுக்கு யார் வந்தாலும், "மந்திரி என்ன சொல்லுதுனு பாப்போம்" என்பாள். மடியில் ஏறினால் நல்லவர், ஏறாவிட்டால் ஆகாதவர். விளையாட்டாகத் தொடங்கி, போகப்போக நம்பவே ஆரம்பித்துவிட்டாள். உங்கள் மடியில் அது முதல் நாளே ஏறிச் சுருண்டு படுத்தது.

சட்டை தொளதொளவென்று இருக்கிறது, கொடுங்கள், பிடித்துத் தருகிறேன் என்று நான் கேட்டது அதற்கப்புறம்தான். வாங்கியதைத் துவைக்கவில்லை. தங்கை வேலைக்குக் கிளம்பியதும் மந்திரியை, மருத்துவரிடம் தூக்கிப்போகும் கூண்டுக்குள் வைப்பேன். மேலே உங்கள் சட்டையைப் போர்த்துவேன். பக்கத்தில் வேக்குவம் கிளீனரை ஓடவிட்டு, உட்கார்ந்து வேறு துணிக்குப் பொத்தான் தைப்பேன். அந்த இரைச்சலில் அது கத்துவது கேட்காது. ஒரு நாளும் அதன் மேல் நான் கை ஓங்கியதில்லை. அது வெளிக்குப் போகும் மணல் தட்டை மட்டும் அடிக்கடி இடம் மாற்றினேன்.

அடுத்த முறை நீங்கள் வந்தபோது அது அலமாரிக்கு அடியில் போய் நடுங்கியது. பிறகு அந்த இடத்தில் துணி மூட்டையை அடைத்தேன். ஒளிய இடமில்லாவிட்டால் பூனை தாங்காது. உங்கள் செருப்பில் மூத்திரம் போனது அப்போதுதான். நீங்கள் சிரித்தீர்கள். அவள் சிரிக்கவில்லை.

அப்புறம் சாப்பாட்டை நிறுத்தியது. மருத்துவர் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும்.

"வீட்டுல என்ன மாறுச்சு? புது ஆளு, புது வாசனை, சத்தம், எதையாவது இடம் மாத்துனது... ஏதோ ஒண்ணு இருக்கணும். சும்மா இப்படி ஆகாது."

தங்கை உங்கள் பக்கம் திரும்பினாள். "நான் இல்லாதப்ப இத என்ன பண்ணீங்க?"

"நான் தொடக்கூட இல்லப்பா."

"அப்புறம் ஏன் உங்களக் கண்டாலே நடுங்குது?"

துண்டில் சுற்றிய பூனையை ஏந்திக்கொண்டு நான் பக்கத்தில்தான் நின்றேன். என் கையிலும் அது நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

மந்திரி செத்த அன்றே உங்களுக்கு இந்த வீட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். அது சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சாகப்போகிறது என்று தெரியும். அது வாய் வைக்காத தட்டைத் தினமும் கழுவியது நான்தானே. தெரிந்துதான் கூண்டை மறுபடியும் மறுபடியும் எடுத்தேன்.

இதை அவளிடம் தாராளமாகச் சொல்லுங்கள். அவள் நம்பமாட்டாள். போன வாரம் பக்கத்து வீட்டம்மா மாடிப்படியில் அவளை நிறுத்தி, "உங்க அக்கா பகல் பூரா வீட்டச் சுத்தம் பண்ணிட்டே இருந்தாங்களே, இப்ப சத்தத்தையே காணோம்" என்று சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து தங்கை என்னிடம் அவ்வளவாகப் பேசுவதில்லை. என் கால் சத்தம் கேட்டால் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். நான் வைக்கும் சோற்றைத் தொடுவதில்லை. பூனை போன துக்கம், வேறென்ன.

இன்று காலையில் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அலமாரியை ஒழிக்கிறாள் போலிருக்கிறது. என்னை விட்டு எங்கே போய்விடப் போகிறாள்.