கூடத்தில் மூச்சுவிட்ட கோதுமை

கண்டிப்பாலும் கனிவாலும் இந்தக் கூட்டத்தைக் கட்டி மேய்க்கும் தெரு நலச் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற நடத்துநர் ஐயா அவர்களே! பட்ட அனுபவத்தையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சுமந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! பாதிச் சமையலை அப்படியே விட்டுவிட்டு ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரைத் தாங்கிக்கொண்டு நிற்கும் தம்பிமார்களே! தையற்கடையில் தலைகுனிந்தே வாழ்ந்த என்னை ஒலிபெருக்கிக்கு முன்னால் தலைநிமிர வைத்த உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

வயலில் மலிவாக விற்கும் கோதுமை, ரொட்டியாகி நம் வாசலுக்கு வரும்போது ஏன் கையைக் கடிக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்டுத்தானே மூலைக்கடை ரொட்டிக்கார அக்காவை நாம் கைவிட்டோம்? விலையை ஏற்றிவிட்டாள், வயிற்றில் அடிக்கிறாள், இனி அந்தக் கடைப் படியை மிதிக்கக் கூடாது என்று இதே கூடத்தில் கை தூக்கினோமே? அன்று முதல் அக்கா சுடும் ரொட்டி அலமாரியிலேயே காய்கிறது. நாளைக் காலை அவளுடைய அடுப்பை விலைபேச ஆள் வருகிறார். அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடத்தான் மேடை ஏறியிருக்கிறேன்.

அன்றைக்குத் தலைவர் என்ன சொன்னார்? "எதுக்குய்யா நடுவுல இத்தனை பேரு? அறுக்கிற எடத்துக்கே போவோம். நாமளே வாங்கி, நாமளே அரைச்சு, நாமளே சுட்டுக்குவோம்." கைதட்டல் கூரையைத் தூக்கியது. சிரிக்காதீர்கள் பெரியவரே, எழுந்து நின்று தட்டியதே நீங்கள்தான்.

போனோம். விவசாயி சொன்ன விலையைக் கேட்டு வாயைப் பிளந்தோம். அறுத்த சூட்டோடு அள்ளச் சொன்னோம். அவர் தயங்கினார். "ஈரமா இருக்குங்க. காய வச்சுத் தர்றேன், அதுக்குக் கொஞ்சம் கூட ஆகும்." நம் தலைவரா விடுவார்? "காய வைக்கிறேன்னு சொல்லி வெலையக் கூட்டப் பாக்குறீங்களா? எங்ககிட்டயேவா?" என்றார். எல்லோரும் தலையாட்டினோம், லாரி கிளம்பியது.

இதோ, இப்போது நீங்கள் கால் நீட்டி அமர்ந்திருக்கும் இந்த இடத்தில்தான் இடுப்பளவுக்குக் கொட்டினோம். எலி வரக் கூடாதென்று கதவைச் சாத்தினோம், காற்று வரக் கூடாதென்று ஜன்னலையும் சாத்தினோம். சாவி தலைவர் சட்டைப்பைக்குள் போய்விட்டது.

சில நாள் கழித்து, சாக்குத் தைக்க என்னைக் கூப்பிட்டார்கள். கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கிறது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்து வழிகிறது. எதிர்வீட்டு நர்ஸ் தங்கச்சி குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "அக்கா, காய்ச்சக்காரன் நெத்தி மாதிரி கொதிக்குதுக்கா. உள்ள யாராச்சும் தீ வச்சிட்டாங்களா?"

யாரும் தீ வைக்கவில்லை, தாய்மார்களே. கோதுமை உயிரோடு இருந்தது. அறுத்தும் சாகவில்லை, அள்ளியும் சாகவில்லை. அந்த இருட்டுக்குள் கிடந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அந்த மூச்சின் சூடுதான் அது. ஒரு மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அதன் நுனியில் வெள்ளையாக ஒரு சின்ன வேர். இத்தனை வயதுவரை எத்தனை ரொட்டி தின்றிருப்பேன்? இப்படி ஓர் உயிரைத் தூங்க வைத்துத்தான் என் தட்டுவரை கொண்டுவருகிறார்கள் என்று ஒருமுறையாவது நினைத்திருப்பேனா?

விவசாயிக்குப் போன் போட்டோம். குத்திக்காட்டுவார் என்று பார்த்தால், "மொதல்ல கெளறுங்க. மெல்லிசாப் பரப்புங்க. அப்புறமாப் பேசிக்கலாம்" என்றார். தெருவே திரண்டது. மொட்டைமாடியில் பரப்பினோம், நடைபாதையில் பரப்பினோம், வீட்டு மின்விசிறிகளையெல்லாம் கழற்றிக்கொண்டு வந்தோம். அந்த நேரத்தில், அழைக்காமலே வந்தாள் ரொட்டிக்கார அக்கா. அடுப்புக்குள் ரொட்டியைத் தள்ளும் நீளத் துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். "நகருங்க தலைவரே, நீங்க கெளறுறது அடிவரைக்கும் போகல" என்றாள். அன்று முழுக்க அடியிலிருந்து மேலாகப் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

பாதிக்கு மேல் பிழைத்தது. மாவாகி வந்ததும் செலவைக் கூட்டிப் பார்த்தோம். காய்ந்ததில் எடை போனது, சலித்ததில் தூசி போனது, அரைத்ததில் தவிடு போனது. வந்த லாரிக்கும் டீசல், காலியாகத் திரும்பிய லாரிக்கும் டீசல். விசிறிக்கு மின்சாரம், அரவைக்குக் கூலி, சாக்குக்குக் கூலி. ஆமாம், என் ஊசியும் சும்மா வரவில்லை, தலைவர் மகள் கல்யாணத்துக்கே தள்ளுபடி தராதவள் நான். கடைசியில் நம் மாவு, அக்காவின் ரொட்டியைவிட விலை கூடி நின்றது. அதுவும் இன்னும் சுடாத மாவு.

என்ன கேட்கிறீர்கள் தம்பி? "அப்ப நடுவுல யாருமே கொள்ளையடிக்கலையா?" நல்ல கேள்வி. பதுக்குகிறவன் இருக்கிறான், பிடியுங்கள், விடாதீர்கள். ஆனால் மூலைக்கடையில் நின்று ஏன் தேடினீர்கள்?

உழுத கை எத்தனை, விதைத்த கை எத்தனை? அறுத்த கை, ஆற்றிய கை, அள்ளிய கை, அரைத்த கை, பிசைந்த கை, சுட்ட கை எத்தனை எத்தனை? ஒவ்வொரு கையும் கொஞ்சம் சோறு கேட்கிறது, அதைத்தானே விலை என்கிறோம்? முளைக்கவும் விடாமல், மக்கவும் விடாமல், வயலிலிருந்து நம் வாய்வரைக்கும் ஓர் உயிரை இத்தனை பேர் பொத்திப் பொத்திக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். இது தினம் தினம் நடக்கிறது, நாம் பல் துலக்கி முடிப்பதற்குள் நடந்துவிடுகிறது. நினைக்க நினைக்க எனக்கு மலைப்பு தீரவில்லை.

இன்று காலை அக்காவிடம் கேட்டேன். "வாங்க ஆளே இல்ல, இன்னும் எதுக்குக்கா சுடுற?" அவள் மாவிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்: "ஒரு நாள் ஆறவிட்டா, மறுபடி பத்தவைக்க மனசு வராதுடி."

நாளையும் சுடுவாள். விலைபேசுகிறவர் வருவதற்கு முன்னால் நாம் அங்கே நிற்க வேண்டும். நான் வரிசையில் கடைசியில் நிற்கப்போகிறேன். என் முறை வரும்போது, "ரொட்டி தீந்துபோச்சுடி, நாளைக்கு வா" என்று அக்கா வாயால் கேட்க வேண்டும். வெறுங்கையோடு நான் வீடு திரும்ப வேண்டும். என்னை அப்படித் திருப்பி அனுப்பப்போகும் உங்கள் எல்லோருக்கும் இப்போதே நன்றி சொல்லி, வணங்கி விடைபெறுகிறேன்.