மா ஹேரினின் முதுகு பற்றி எனக்குத் தெரிந்தவை

என் பெயர் தாக் ஜொம்ரே. வயது அறுபத்தொன்று. கணவர் இறந்துவிட்டார். சோங்ஹோ துறைமுக நகரில் மீன் ஏலக் கூடத்துக்குப் பின்னால் நான்காவது சந்தில், மாடி அறையில் தனியாக வசிக்கிறேன். அதே சந்தில் உள்ள பொதுக் குளியல்கூடத்தின் பெண்கள் பகுதியில், வருகிறவர்களின் உடம்பைத் தேய்த்து அழுக்கு எடுக்கும் வேலையை முப்பத்திரண்டு வருடமாகச் செய்துவருகிறேன். எழுதப் படிக்கத் தெரியும். இன்று மார்ச் 27, காலை பத்து மணிக்கு நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன். யாரும் மிரட்டவில்லை. பார்லித் தேநீர் கொடுத்தார்கள்.

குற்றம் சாட்டப்பட்டுள்ள, காகிதத்தில் மா தெக்சு என்கிற மா ஹேரின், வயது முப்பத்து நான்கு, பொய்ப்பல் செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவள், எனக்கு உறவினர் அல்ல. என்னைச் சித்தி என்று அழைப்பாள். குளியல்கூடத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் அழைக்கிறார்கள். நான் இப்போது பேசுவது அவள் செய்து கொடுத்த கீழ்ப்பல் வரிசையின் உதவியால் என்பதால், இது சாட்சியத்தைப் பாதிக்குமா என்று உதவி ஆய்வாளர் பாங் அவர்களைக் கேட்டேன். பாதிக்காது என்றார்.

ஹேரின் முதன்முதலாகக் குளியல்கூடத்துக்கு வந்தது மூன்று வருடங்களுக்கு முன் நவம்பரில், ஒரு வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு. உடைகளை வைத்துப் பூட்டிய பெட்டியின் சாவியைக் கணுக்காலில் மாட்டிக்கொண்டு, சின்னத் துண்டை முன்னால் பிடித்தபடி, யார் கண்ணிலும் படாத மூலை ஒன்றைத் தேடி நின்றாள். அப்படி ஒரு மூலை அந்தக் கட்டடத்தில் இல்லை. அதன் பிறகு நான் கூப்பிட்டுப் படுக்கையில் குப்புறப் படுக்கச் சொல்லித் தேய்க்கத் தொடங்கியதும், அழுக்கு சாம்பல் நிறத்தில் திரிதிரியாக வந்துகொண்டே இருந்தது. இரண்டு தேய்ப்புத் துணி மாற்றினேன்.

"கடைசியா எப்பம்மா தேய்ச்ச?"

"பதினோரு வருஷமாச்சு சித்தி."

"உன் முதுகுல முள்ளங்கியே போடலாம் போல."

அவள் படுக்கையில் முகத்தை வைத்தபடியே சிரித்தாள். அதன் பிறகு, பதினோரு வருடமாக ஆண்கள் பகுதிக்கும் போக முடியாமல் பெண்கள் பகுதிக்கும் வர முடியாமல் இருந்ததையும், அந்தக் கோடையில் பாங்காக் சென்று அறுவை சிகிச்சை செய்துகொண்டதையும், காகிதத்தில் இன்னும் ஆண் என்றே இருப்பதையும் சொன்னாள். கேட்டுக்கொண்டேன். பிறகு, மல்லாந்து படு என்றேன். முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனை ஆயிரம் உடம்பைத் தேய்த்தேன் என்று கணக்கில்லை. அவளுடையதில் தனியாகக் குறித்துச் சொல்ல எதுவும் இல்லை. இடது தோளுக்குக் கீழே ஒரு மச்சம் உண்டு.

காகிதத்தில் ஆண் என்று தெரிந்தும் ஏன் யாரிடமும் தெரிவிக்கவில்லை என்று உதவி ஆய்வாளர் கேட்டார். என் வேலை தோலோடு முடிந்துவிடுகிறது என்றேன்.

அதன் பிறகு ஹேரின் ஒவ்வொரு வியாழக்கிழமையும் வந்தாள். இந்த ஜனவரியில், ஒசாகா நகரில் ஒரு பல் பட்டறையில் தனக்கு வேலை கிடைத்திருப்பதாகவும், ஏப்ரல் ஒன்றாம் தேதி சேர வேண்டும் என்றும் சொன்னாள். அந்த முதலாளி அவளை வீடியோவில் பார்த்துப் பேசியவர். பார்த்ததை நம்பி, ஜப்பான் அரசுக்கு எழுதிய தாளில் பெண் என்று குறித்துவிட்டார். பாஸ்போர்ட்டில் ஆண் என்று இருந்தது. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் விசா கிடைக்கும். அந்த முதலாளியிடம் சொல்லி அந்தத் தாளைத் திருத்தி வாங்கிவிடலாமே என்றேன். அதற்கு அவள், பாங்காக்கிலிருந்து திரும்பிய அன்று பாஸ்போர்ட்டில் ஆண் என்று இருந்ததால் நம் விமான நிலையத்தில் தன்னை ஓர் அறையில் நான்கு மணி நேரம் உட்கார வைத்ததையும், சோதனை போட வேண்டியது ஆண் அதிகாரியா பெண் அதிகாரியா என்று இருவரும் விதிப்புத்தகத்தைப் புரட்டியதையும், தையல் போட்ட உடம்போடு தான் அந்த மரநாற்காலியில் இருந்ததையும் சொல்லி, அந்த அறைக்கு இன்னொரு தடவை தன்னால் போக முடியாது என்றாள்.

பாஸ்போர்ட்டைத் திருத்த, முதலில் குடும்பப் பதிவேட்டில் திருத்த வேண்டும். அதைத் திருத்த நீதிமன்ற அனுமதி வேண்டும். அதற்கு மருத்துவச் சான்றுகளோடு, நன்கு பழகிய இருவர் எழுதிக் கொடுக்கும் உறுதிக் கடிதமும் வேண்டும். ஒரு கடிதத்தை அவள் இங்கே வேலை பார்க்கும் பட்டறையின் முதலாளி எழுதினார். ஹேரின் நேரம் தவறாதவள் என்று அதில் இருந்தது. இன்னொன்றை என்னிடம் கேட்டாள். மாதிரிக் கடிதமும் கொடுத்தாள். 'விண்ணப்பதாரர் உடையிலும் நடையிலும் பெண்ணாகவே வாழ்கிறார்' என்று அதில் எழுதியிருந்தது. அவள் உடையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் பார்க்கும்போது அவள் உடுத்தியிருப்பதில்லை. தெரியாததை எழுதுவது பொய் என்பதால் தெரிந்ததை எழுதினேன். மூன்று வருடமாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் பெண்கள் பகுதிக்கு வருகிறாள், நானே தேய்த்துவிடுகிறேன், வருகிற பெண்கள் அவளிடம் முதுகைக் கொடுக்கிறார்கள், அவள் முதுகை அவர்கள் தேய்க்கிறார்கள், இதற்கு மேல் ஒருத்தியைப் பெண் என்று சொல்ல என்ன வேண்டும் என்று எழுதி என் பெயர் முத்திரையை வைத்தேன். நீதிமன்றத்துக்குப் போகும் கடிதத்தை மற்றவர் படிக்கக் கூடாது என்று நினைத்து உறையை நானே ஒட்டினேன். ஆகவே ஹேரின் அதைப் படிக்கவில்லை. இது முழுக்க என் தவறு.

மார்ச் 6 அன்று விசாரணை. ஹேரின் சாம்பல் நிறக் கோட்டு அணிந்து வந்தாள். அதன் பிறகு நீதிபதி என்னை அழைத்து, கடிதத்தில் உள்ளது உண்மையா என்று மரியாதையாகக் கேட்டார். உண்மை என்றேன். எத்தனை முறை என்றார். நூற்றைம்பதுக்குக் குறையாது என்றேன். குறைத்துச் சொன்னால் நம்பமாட்டார்களோ என்று, புத்தாண்டு விடுமுறையில் இரண்டு முறை வந்ததையும் சேர்த்துக்கொண்டேன். நீதிபதி எழுதிக்கொண்டார். நான் திரும்பிப் பார்த்தபோது ஹேரின் தன் கோட்டுப் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டுக்கொண்டிருந்தாள். அறை சூடாகத்தான் இருந்தது.

மார்ச் 13 அன்று காவல் துறையிலிருந்து குளியல்கூடத்துக்கு வந்தார்கள். ஆண் ஒருவர் பெண்கள் பகுதியில் நூற்றைம்பது முறைக்குக் குறையாமல் அத்துமீறி நுழைந்ததாகப் புகார் என்றார்கள். கொடுத்தவர் பெயர் சொல்லப்படவில்லை. எண்ணிக்கை மட்டும் என்னுடையது என்று தெரிந்தது. அப்போது வெந்நீர்த் தொட்டியில் இருந்த மீன் கடை யாங், "நூறு தடவ அவ முதுக நான் தேய்ச்சிருக்கேன். பொகார் குடுக்கணும்னா நான்ல குடுக்கணும்? யார் அவ, என் வரிசைய முந்துனவ?" என்று கேட்டார். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அதன் பிறகு குளியல்கூட உரிமையாளர் பயந்துபோய், அடையாள அட்டையுடன் வருபவர்களுக்கே அனுமதி என்று எழுதி மாட்டினார். யாங் அதைப் படித்துவிட்டு, "அட்டைய எங்க சொருகிக்கிட்டு குளிக்கிறது?" என்றார். பலகை இப்போதும் இருக்கிறது. ஹேரின் அதன் பிறகு வரவில்லை. வியாழன் நான்கு மணிக்குப் படுக்கையைக் கழுவி வைக்கிறேன். ஐந்து மணிக்கு வேறொருவர் வருகிறார்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் ஆண்கள் பகுதிக்குப் போயிருந்தால் வழக்கு இருந்திருக்காதா என்று, மார்ச் 13 அன்று வந்திருந்த உதவி ஆய்வாளரை அப்போதே கேட்டேன். அவர் யோசித்தார். "அப்பவும் யாராச்சும் போன் பண்ணியிருப்பாங்கம்மா" என்றார். எங்கேதான் குளிப்பது என்றேன். "வீட்ல" என்றார்.

அதன் பிறகு அவர் எனக்கு நிலைமையை விளக்கினார். ஹேரின் பெண் என்றால் குற்றமே இல்லை. அதை முடிவு செய்யும் அதிகாரம் காவல் துறைக்கு இல்லை, நீதிமன்றத்துக்கே உண்டு. இதை நான் போன வெள்ளிக்கிழமை நீதிமன்ற எழுத்தரிடம் சொன்னபோது, குற்ற வழக்கு நிலுவையில் இருப்பதால் அது முடிந்த பிறகே விண்ணப்பம் எடுக்கப்படும் என்றார். எது முதலில் முடியும் என்றேன். "மத்தது முடிஞ்சதும் இது முடிஞ்சிடும்மா" என்றார். அவர் நல்ல மனிதர். நாற்காலி போட்டுத்தான் சொன்னார். ஏப்ரல் ஒன்றுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.

நேற்று காலை உதவி ஆய்வாளர் இன்னொரு வழியும் சொன்னார். கடிதத்தில் எழுதியது பொய், ஹேரின் பெண்கள் பகுதிக்கு வந்ததே இல்லை என்று நான் சொன்னால், இந்த வழக்கில் வேறு ஆதாரம் இல்லாததால் கைவிடப்படும். நீதிமன்றத்துக்குப் பொய் எழுதியதற்கு என் மீது வழக்கு வரும். உறுதிக் கடிதம் பொய் என்பதால் அவள் விண்ணப்பமும் தள்ளுபடி ஆகும். பாஸ்போர்ட் எப்படியும் இல்லை. ஆனால் குற்றவாளி என்ற பெயர் அவளுக்கு வராது. அவர் இதை நல்லெண்ணத்தில் சொன்னார் என்று நம்புகிறேன்.

என் மீது வழக்கு வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆகவே நேற்று மாலை பட்டறைக்குப் போய் ஹேரினிடம் இதைச் சொன்னேன். அவள் யாருடைய மேல்தாடைக்கோ மெழுகு வார்த்துக்கொண்டிருந்தாள். ஒசாகாவில் வேறு ஆள் எடுத்துவிட்டதாக அன்று காலை கடிதம் வந்திருந்தது. கையிலிருந்த மெழுகை ஆறவிட்டு ஓரமாக வைத்தாள். பிறகு, "உண்மையவே சொல்லுங்க சித்தி. நான் வரவே இல்லன்னு சொல்லிட்டா, அந்த மூணு வருஷமும் எனக்கு இல்லாம போயிடும். வேற எதுவும் வாங்க முடியல. அதையாவது வச்சுக்கிறேன்" என்றாள். பிறகு என்னை வாயைத் திறக்கச் சொல்லி, கீழ்ப்பல் இடது பக்கம் கொஞ்சம் உரசுகிறதா என்று பார்த்து, கழற்றி வாங்கி ராவிக் கொடுத்தாள்.

ஆகவே சொல்கிறேன். மா ஹேரின் மூன்று வருடங்களாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் மாலை நான்கு மணிக்குப் பெண்கள் பகுதிக்கு வந்தாள். நான் தேய்த்துவிட்டேன். நூற்றைம்பதுக்குக் குறையாது.

வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. முதல் பக்கத்தில் குற்றம் சாட்டப்பட்டவரின் பெயருக்கு எதிரே ஆண் என்று இருப்பதைத் திருத்தக் கேட்டேன். அடையாள எண்ணை உள்ளிட்டால் அது தானாகவே வந்துவிடுவதாகவும், கையால் மாற்ற வழியில்லை என்றும் சொல்லப்பட்டது. மற்றபடி திருத்தம் இல்லை.

(கீழே உள்ளவை சாட்சி தம் கையால் எழுதியவை. விடுபட்டது எதுவும் இருந்தால் சாட்சியே எழுதலாம் என்ற விதிப்படி அனுமதிக்கப்பட்டது.)

கையெழுத்துப் போட்ட பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் பெருவிரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். மூன்று முறை வைத்தேன். சிவப்பு மை மட்டும் வட்டமாக விழுந்தது, கோடு ஒன்றும் இல்லை. முப்பத்திரண்டு வருடம் ஈரத்தில் தேய்த்ததில் ரேகை போய்விட்டது. நான்தான் தாக் ஜொம்ரே என்பதற்கு இனி என்ன செய்வது என்று கேட்டேன். உதவி ஆய்வாளர் பாங் அவர்கள் மைப்பெட்டியை மூடியபடி, "பரவால்லம்மா. நீங்க யாருன்னு பாத்தாலே தெரியுதே" என்றார்.

இதுவும் இதற்கு மேலே உள்ளவையும் நான் கண்டது, தொட்டது. கூட்டியது எதுவும் இல்லை.

தாக் ஜொம்ரே
(ரேகை: பதியவில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்டது.)