கைக்குட்டைக்குள் பேசியவள்

ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஈசூனிலிருந்து புறப்பட்ட பஸ். எனக்கு முன் சீட்டில் மாதா கோயில் பூசைக்குப் போகும் இரண்டு பெண்கள். மூத்தவள் வாயிலிருந்து கைக்குட்டையை எடுக்கவே இல்லை.

“இன்னையோட நான் கொயர்ல பாடப் போறதில்ல, ஸ்டெல்லா. வாயைத் திறக்கவே பயமா இருக்கு.”

“பல்லு ஆடுதுன்னு பாட்டை விடுவாங்களாக்கா?”

“பல்லு மட்டுமா? ஈறெல்லாம் வீங்கிப் போச்சு. பிரஷ் பண்ணா ரத்தம் வருதேன்னு பிரஷ்ஷையே விட்டுட்டேன். அதனாலதான் முத்திப்போச்சுன்னு டாக்டர் திட்டுறாரு. புது ஃபிளாட்டுக்கு வந்து ஆறு மாசம், பக்கத்து வீட்டுல நின்னு ஒரு வார்த்தை பேசல. வீட்டுல அவரு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத்தான் பேசுறாரு.”

“கிளீன் பண்ணா சரியாயிடும்லா. வாடையெல்லாம் யாருக்கும் தெரியல.”

ஸ்டெல்லா ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள்.

“யாருக்கும் தெரியலையா?”

“சத்தியமா. பக்கத்துல நின்னு பாடுற எனக்கே தெரியலையே.”

“நீ எங்க என் பக்கத்துல நிக்கிற? ஈஸ்டர்லேருந்து அந்தக் கோடியில போயில்ல நிக்கிற.”

ஸ்டெல்லா சட்டென்று எழுந்து மணியை அழுத்தினாள்.

“உக்காரு. கோயிலுக்கு இன்னும் நாலு ஸ்டாப் இருக்கு” என்றாள் மூத்தவள், கைக்குட்டைக்குள்ளிருந்து.