வைத்தியரு கையில மொதக் கட்டு

ரொம்பக் காலத்துக்கு முந்தி, இந்த ரோடும் பஸ்ஸும் எட்டிப் பாக்காத காலத்துல, நம்ம கூத்தனேந்தல்ல மாயழகு வைத்தியருன்னு ஒருத்தரு இருந்தாராம். கை ஒடிஞ்சா அவருதான், கால் ஒடிஞ்சா அவருதான், கன்னுக்குட்டி பள்ளத்துல விழுந்தாலும் அவருதானாம். உளுந்து மாவுல முட்டை வெள்ளைக்கருவக் கொழச்சுப் பூசி, மூங்கிப் பத்தைய வச்சு, துணியச் சுத்தி இறுக்குனாருன்னா அசையாதாம்.

அவரு பொண்டாட்டி பேரு ஒச்சாயி. இதை வைத்தியரு கதைன்னு சொல்றவுகளுக்குப் பாதிதான் தெரியும். இது ஒச்சாயி கதை.

அந்த வைத்தியத்துல ஒரு சட்டம் இருந்துச்சாம். பிறை பாத்துக் கட்டுன கட்ட, பௌர்ணமி பாத்துத்தான் பிரிக்கணும். நடுவுல ஒருத்தரும் தொடப்படாது. தொட்டா எலும்பு கோணிக்கிரும். கட்டுப் போட்டவுக வலிக்குதுன்னு அழுவாகள்ல, அப்ப வைத்தியரு என்ன சொல்லுவாரு? "வலிச்சா நல்லது. ஆறுதுன்னு அர்த்தம்." அம்புட்டுத்தான். அழுத வாய அதோட மூடிக்கிரணும்.

வைத்தியரு வீட்டுல ஆரம்பிச்ச சொல்லு ஊரு முழுக்கப் பரவிப்போச்சாம். முள்ளுக் குத்துனவனுக்கும் ஆறிடும். கண்மாய் ஒடஞ்சு வெள்ளாமை போனவனுக்கும் ஆறிடும். தாலியறுத்தவளுக்கும் ஆறிடும். சொல்றவனுக்கு என்ன வலி, சொல்லிட்டுத் துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிருவான். எனக்கு இந்த மாதிரி ஆளுகளக் கண்டாலே பத்திக்கிட்டு வரும். சரி, அத விடுங்க.

மாயழகுக்கும் ஒச்சாயிக்கும் ரொம்ப வருசம் புள்ளை தங்கல. பெறக்கும், போயிரும். கடைசியா ஒரு பொம்பளப்புள்ள பெறந்துச்சு. இதாவது நெலைக்கணும்னு குப்பையில போட்டு எடுத்து, குப்பாயின்னு பேரு வச்சாகளாம். அந்தப் புள்ள நெலைச்சுச்சு. ஓடுச்சு, ஆடுச்சு, பல்லு விழுந்து பல்லு மொளச்சுச்சு. ஒச்சாயிக்கு அதுதான் ஒலகம்னு சொல்லுவாக.

ஒருநாள் அந்தப் புள்ள கண்மாய்க்கரை நாவ மரத்துல ஏறி, கீழ விழுந்து, கை ஒடிஞ்சு வந்துச்சாம். வாயெல்லாம் நாவப்பழக் கறை, கண்ணெல்லாம் தண்ணி. மாயழகு கட்டுப் போட்டாரு. ஊராரு புள்ளைக்குக் கட்டுறதவிட ஒரு சுத்து கூடவே இறுக்குனாராம். சொந்தப் புள்ளைல்ல. கை நேரா வரணும்ல. பாசந்தான் அப்படி இறுக்க வச்சுச்சு, வேற ஒண்ணுமில்ல.

"அய்யா, வலிக்குதுய்யா."

"வலிச்சா ஆறுது தாயி."

கட்டிட்டு அவரு பக்கத்து ஊருக்கு வைத்தியத்துக்குப் போயிட்டாரு. மறுநாளு ஆத்தா மடியில படுத்துக்கிட்டுப் புள்ள கெஞ்சுச்சாம். "ஆத்தா, கொஞ்சம் அவுத்து விடாத்தா. கொஞ்சூண்டு. அய்யாகிட்டச் சொல்ல மாட்டேன்."

ஒச்சாயி கை முடிச்சு வரைக்கும் போச்சாம். முடிச்ச விரலால பிடிச்சுப்புட்டா. அப்பத்தான் நெனப்பு வந்துச்சு, அவுத்து விட்டுக் கை கோணிட்டா நாளைக்கு இந்தப் புள்ளைய எவன் கட்டுவான்? கைய எடுத்துட்டா. எடுத்துட்டு அவளும் அதே சொல்லத்தான் சொன்னா. "ஆறுது தாயி. பொறுத்துக்க."

அடுத்த நாளு புள்ள அழுகைய நிறுத்திருச்சு.

"ஆத்தா, இப்ப வலிக்கவேயில்ல ஆத்தா."

ஒச்சாயிக்குக் கால் தரையில நிக்கலையாம். "எம்புள்ளைக்கு ஆறிருச்சு, எம்புள்ளைக்கு ஆறிருச்சு"ன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்தாளாம். வந்து கருப்பட்டிய ஒடச்சுப் புள்ளை வாயில வச்சா. புள்ளையும் சிரிச்சுக்கிட்டே தின்னுச்சாம்.

சாயங்காலம் மூஞ்சி கழுவி விடுறப்பத்தான் பாத்திருக்கா. கட்டுக்கு வெளிய நீட்டிக்கிட்டிருந்த விரலு நாவப்பழக் கலர்ல இருக்கு. கறைன்னு நெனச்சுத் தேச்சா. போகல. தொட்டா ஐஸ் மாதிரிச் சில்லுன்னு இருக்கு. மெதுவா ஒரு விரலக் கிள்ளுனா.

"குப்பாயி, ஆத்தா கிள்ளுனது தெரிஞ்சதா தாயி?"

புள்ள அவளையே பாத்துக் கேட்டுச்சாம். "எங்க கிள்ளுன ஆத்தா?"

பல்லால கடிச்சு முடிச்ச அவுத்தா. துணியக் கிழிச்சா, பத்தையப் பிடுங்கி எறிஞ்சா. ஆளு ஓடி மாயழகக் கூட்டியாந்தாக. பாத்தவரு அப்படியே மண்ணுல உக்காந்துட்டாரு. ரத்தம் ஓடாமக் கை செத்துப்போயிருக்கு. அப்பறம் காச்சல், அப்பறம் பெனாத்தலு. பௌர்ணமி வர்றதுக்கு முந்தியே அந்தப் புள்ள போயிருச்சு.

துட்டிக்கு வந்த சனமெல்லாம் ஒச்சாயியக் கட்டிப் பிடிச்சு என்ன சொல்லியிருக்கும்? அதேதான். "அழாத ஒச்சாயி, ஆறிடும். நாளாக நாளாக ஆறிடும்." அவ செவுத்தப் பாத்துத் திரும்பி உக்காந்துக்கிட்டா. வலிக்கலைன்னு புள்ள சொன்னப்ப தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்தவள்ல. அவளுக்குத்தான தெரியும் அந்தச் சொல்லோட லட்சணம்.

மாயழகு பத்தையெல்லாம் அடுப்புல வச்சுட்டாரு. இனிமே யாருக்கும் கட்டுறதில்லன்னு முடிவு. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரு வீட்டுக்குள்ள பேச்சில்லாமக் கெடந்தாகளாம்.

அப்படி இருக்கயில, காத்தவராயன்னு ஒரு கீதாரி, ஆட்டுக்காரன், மகளத் தோள்ல தூக்கிக்கிட்டு வந்தான். கெடாய் முட்டிக் கை ஒடிஞ்சிருக்கு.

"என் கை இனிக் கட்டாதுப்பா. வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போ"ன்னாரு மாயழகு.

"எங்கிட்டுப் போவேன் சாமி? நடந்து நடந்து புள்ளை தொவண்டு போச்சு." தோள்ல கெடந்த புள்ள வலிக்குது வலிக்குதுன்னு மொனகுச்சு. அவன் அது முதுகத் தட்டிக் குடுத்துக்கிட்டே, "அழாதத்தா, ஆறிடும்"ன்னான்.

உள்ளயிருந்து ஒச்சாயி எந்திரிச்சு வந்தாளாம். "அந்தச் சொல்ல என் வாசல்ல சொல்லாதப்பா"ன்னா. புள்ளைய வாங்கி மடியில வச்சுக்கிட்டு, "எங்க தாயி வலிக்குது? ஆத்தாகிட்டக் காட்டு"ன்னு கேட்டா. புள்ள காட்டுச்சு. பெறகு புருசனப் பாத்துச் சொன்னாளாம்:

"இந்தப் புள்ளைக்குக் கட்டுங்க. ஆனா, அதே இறுக்கத்துல மொதல்ல ஒங்க கையில கட்டிக்கங்க. ஒங்களுக்கு விரலு மரத்தா இதுக்கும் மரக்கும். ஒங்களுக்குத் தெரியும். புள்ளைக்குச் சொல்லத் தெரியாது."

மாயழகு பொண்டாட்டி மூஞ்சியப் பாத்தாரு. அப்பறம் மூங்கி வெட்டியாந்தாரு. அவரு எடது கைய நீட்ட, ஒச்சாயியே இறுக்குனா. அந்தக் கட்டோடதான் கீதாரி மகளுக்குக் கட்டுப் போட்டாராம். பொழுது சாயுறப்ப அவரு விரலு மதமதன்னு ஆயிருச்சு. எந்திரிச்சு ஓடி, தன் கட்ட விட்டுட்டுப் புள்ளை கட்டத்தான் மொதல்ல தளத்துனாரு. பௌர்ணமியாவது ஒண்ணாவது, சட்டமெல்லாம் அன்னிக்கோட செத்துச்சு. அந்தப் புள்ள கை கூடிருச்சு. நல்லா வளந்து நாலு புள்ளை பெத்தாளாம்.

ஒச்சாயி அதுக்கப்பறமும் ரொம்பக் காலம் இருந்தா. கெழவியான பெறகு ஒருத்தி கேட்டாளாம், "இப்பவாவது மனசு ஆறுச்சாத்தா?"ன்னு. "ஆறலடி. அது ஏன் ஆறணும்?"னாளாம்.

அதான் இன்னைக்கும் நம்ம ஊரு எழவு வீட்டுல யாரும் ஆறிடும்னு சொல்ல மாட்டாக. பக்கத்துல உக்காந்து, "எங்க தாயி வலிக்குது?"ன்னு கேப்பாக. அவுக சொல்றத, விடியிற வரைக்கும் சொன்னாலும், கேட்டுக்கிட்டு இருப்பாக. மாயழகுகிட்டத் தொழில் கத்துக்கிட்ட பங்காளி வம்சத்துல வைத்தியம் பாக்குறவுக எல்லாருக்கும் எடது கையில கட்டு இருக்கும், பாத்திருப்பீக. வெளியூரு ஆளுக பாத்துட்டு, "வைத்தியரே, ஒங்க கையில என்ன ஆச்சு?"ன்னு கேப்பாக. அதுக்கு அந்த வம்சத்துல ஒரே பதிலுதான்.

"எங்க வீட்டுல ஒரு புள்ள வலிக்குதுன்னு சொல்லுச்சு. நாங்க கேக்கல."