முகப்புப் பெண்ணின் வலது கை

இந்த அறை எனக்குப் பிடித்திருக்கிறது, ஐயா. வடக்குப் பார்த்த ஜன்னல். படம் வரைய இதைவிட நல்ல வெளிச்சம் ஸ்வென்போர்க்கில் கிடைக்காது.

செதுக்குவது என் வேலை இல்லை. கப்பல் முகப்பில் மரச்சிலையாக நிற்கும் பெண்ணை நான் காகிதத்தில் வரைவேன். அதைப் பார்த்து அஸ்முஸ் மரத்தில் செதுக்குவான். நீட்டிய கையை அலை உடைத்துவிடும் என்று, துறைமுகம் தாண்டியதும் கழற்றி உள்ளே வைப்பது வழக்கம். போன கப்பலுக்கு நான் கழற்றும்படி வரையவில்லை. தோளில் மூட்டு தெரிந்தால் பெண் பொம்மையாகிவிடுவாள்.

அந்தக் கப்பலின் தச்சன் லௌரிட்ஸ் நடுக்கடலில் அவள் கையை ரம்பத்தால் அறுத்துவிட்டான். ஊர் திரும்பியதும் சாராயக்கடையில் என் முதுகில் தட்டினான்.

"கோவிச்சுக்காதண்ணே. விறகு தீந்துபோச்சு, உன் பொம்பள கையிலதான் கஞ்சி காய்ச்சினோம். என்ன, கொஞ்சம் பெயிண்ட் வாடை."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கப்பலுக்கும் அவன்தான் தச்சன் என்று தெரிந்தது. இந்த முறை கழற்றும் கையாகவே வரைந்தேன். கழற்றுகிறவன் கப்பலுக்கு வெளியே தொங்கி, அந்தக் கையின் மேல்தான் தன் பாரத்தைச் சாய்ப்பான். கையைத் தாங்கும் இரும்பு முளை தோளுக்குள் ஒரு சாண் இறங்க வேண்டும். நான் விரல் நுனியளவு வரைந்தேன்.

"இது தாங்குமாண்ணே?" என்றான் அஸ்முஸ்.

"படத்துல இருக்கறதச் செய்யுடா. அது உன் கவலை இல்ல."

துறைமுகம் தாண்டிக் கழற்றப் போனபோது, கையோடு லௌரிட்ஸும் கடலில் விழுந்தான். கப்பல் அவன் மேலேயே போயிற்று. கை மட்டும் கரை ஒதுங்கியது, நல்லவேளையாக ஒரு கீறல் இல்லை.

வேலையைக் கெடுத்தவன் என்று அஸ்முஸைப் பிடித்துப் போனீர்கள். படத்தைப் பாருங்கள், படத்தைப் பாருங்கள் என்று அவன் கெஞ்சினானாம். நீங்கள் கேட்டபோது தொலைந்துவிட்டது என்றேன். நீதிமன்றத்தில் பத்துப் பேர் கை மாறினால் காகிதம் என்னத்துக்கு ஆகும்?

நேற்று அவன் சிறையில் தூக்குப் போட்டுக்கொண்டான் என்றார்கள். அழுதேன், ஐயா. என் கோடுகளை மயிரிழை பிசகாமல் மரத்தில் கொண்டுவர இந்த ஊரில் வேறு ஆளில்லை. இனி நான் வரைந்து என்ன, வரையாமல் என்ன. அதனால்தான் வந்தேன்.

லௌரிட்ஸைக் கொன்றது நான். அஸ்முஸையும் நான்தான் என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள். இதோ படம். ஓரத்தைப் பிடித்துப் பாருங்கள், ஐயா. விரல் பட்டால் கரி கலைந்துவிடும்.