மறதி எனக்குன்னு எழுதுங்க

இல்லம்மா, தண்ணி தளதளன்னு கொதிச்சப்புறம்தான் உப்பு. உப்புக்கப்புறம்தான் பாஸ்தா. என்ன எழுதறீங்க? கை நடுங்கலைன்னா? நடுங்கும்மா, நல்லாப் பாருங்க. நான் அடுப்புல வேலை செய்யலாமான்னு பாக்கத்தானே சமைக்கச் சொன்னீங்க? எனக்கு மறதி ஜாஸ்தி, அதை முதல்ல எழுதுங்க.

எண்ணெயா? தண்ணில எண்ணெய் ஊத்தினா ஒட்டாதும்பாங்க. சும்மா. எண்ணெய் மேல மிதக்கும், பாஸ்தா பாட்டுக்கு அடியில ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். போட்டதும் ரெண்டு நிமிஷம் கிளறினா போதும். ஐயோ, உடைக்காதீங்க! நீளமா வெளிய நீட்டிக்கிட்டிருக்கேன்னு பயப்படாதீங்க, தானா வளைஞ்சு உள்ள போயிடும். மனுஷங்களுக்குத்தான் அந்தப் புத்தி வராது.

நானா? இருபத்தாறு வருஷம் பிஸ்கட் கம்பெனி கேன்டீன்ல சமையல். வியாழக்கிழமைன்னா நானூறு பேருக்கு பாஸ்தா. பன்னெண்டரை மணிச் சாப்பாட்டுக்கு ஒம்போது மணிக்கே வேக வைக்கச் சொல்லுவார் மேனேஜர். அதை வச்சு போஸ்டர் ஒட்டலாம். ஒருத்தரும் குறை சொன்னதில்ல. ஒரு வருஷம் கேடயம்கூடக் கொடுத்தாங்க. சுத்தத்துக்கு. அந்தப் பாவத்தைத் தொலைக்கத்தான் வேலையை விட்டப்புறம் ஒழுங்கா செய்யக் கத்துக்கிட்டேன்.

இதோ ஆச்சுங்க! அஞ்சே நிமிஷம்! அவங்களா? குடியிருப்பு ஆபீஸ்லேர்ந்து வந்திருக்காங்க!

எங்க வீட்டுக்காரர்தான், முன் ரூம்லேர்ந்து. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர், எஞ்சின் சத்தத்துல காது மந்தம். ஒண்ணையே நாலு வாட்டி கேப்பார்.

தீ எப்படிப் பிடிச்சுதுன்னா... அதான் மறதின்னேனே. போன மாசம் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் அஞ்சேகால். சட்டியை அடுப்புல வச்சதையே மறந்துட்டேன். ஜன்னல் திரை பத்திக்கிச்சு, மேல் வீட்டுக்காரங்க புகையைப் பாத்துட்டு உங்க ஆபீசுக்குப் போன் போட்டாங்க. தேதியா? அது... எப்படியோ ஞாபகம் இருக்கு.

இங்க பாருங்க, பாக்கெட்ல பத்து நிமிஷம்னு போட்டிருக்கும். நம்பாதீங்க. எட்டுலயே ஒண்ணை எடுத்துக் கடிச்சுப் பாக்கணும். இந்தாங்க. நடுவுல மயிரிழையா வேகாத வெள்ளை தெரியுதா? மிச்சம் சாஸ்ல வேகும். இந்தத் தண்ணில ஒரு டம்ளர் எடுத்து வச்சுட்டுத்தான் வடிக்கணும். பச்சத்தண்ணில அலசினீங்கன்னா நான் உங்களோட பேசவே மாட்டேன். பூண்டு செவந்தாச்சு, தக்காளியும் கரைஞ்சாச்சு. இப்ப பாஸ்தா, எடுத்து வச்ச தண்ணி. குலுக்கணும். பாத்தீங்களா, சாஸ் எப்படிப் போய்க் கட்டிப் பிடிச்சுக்குது!

இதோ வரேங்க! அவங்களா? ஆபீஸ்லேர்ந்துங்க!

என்னம்மா, பேனாவை மூடிட்டீங்க? எனக்கு ஒரு கோளாறும் இல்லையா? அப்ப அடுப்பு எப்படித் தானா எரிஞ்சுதுன்னா கேக்கறீங்க?

காலைலேர்ந்து நெனச்சுக்கிட்டேதாம்மா இருந்தேன். வேணும்னே குழைய விட்டுடணும், உப்பை ரெண்டு தடவை போட்டுடணும்னு. பாழாப்போன கை கேக்க மாட்டேங்குது.

அன்னிக்கு நான் கடைக்குப் போயிருந்தேன். வர்றதுக்குள்ள எனக்கு டீ போட்டு வைக்கணும்னு ஆசைப்பட்டிருக்கார் மனுஷன். அடுப்பைப் பத்த வச்சவர் எதுக்குன்னு மறந்து, முன் ரூம்ல போய் உக்காந்துட்டார். நான் வந்தப்ப புகைக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு, என்ன இவ்வளவு பனின்னு கேக்கறார்.

மறதி அவருக்குன்னு எழுதினா முதியோர் ஹோம்ல கொண்டுபோய்ச் சேத்துடுவீங்க. எனக்குன்னு எழுதினா தானா அணையற கரண்ட் அடுப்பு ஒண்ணு மாட்டிட்டுப் போவீங்களாமே? விசாரிச்சுட்டேன். கடைக்கும் இனிமே தனியாப் போகல, அவரையும் கூட்டிக்கிட்டுத்தான் போறேன். பேனாவைத் திறங்கம்மா.

எழுதிட்டீங்களா? கையெழுத்து எங்க போடணும், இங்கயா?