நோகாத கை

முதலில் ஒரு சின்ன வேண்டுகோள். அந்தக் கண்ணாடிச் சாடியை யன்னலோரத்தில் வைக்க வேண்டாம். இந்தப் பக்கத்து வெயில் எதையும் வெளுக்கப் பண்ணிவிடும். மேசையின் நிழற்பக்கம் தள்ளிவைத்தால் போதும். நன்றி.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொழும்பிலிருந்து மூன்று பெரியவர்கள் ஜீப்பில் குலுங்கிக் குலுங்கி இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். இந்தக் குடியேற்றத்து மருந்துச்சாலைக்கு ஒரு எக்ஸ்ரே இயந்திரம் வேண்டுமென்று திணைக்களத்துக்கு ஆண்டுக்கணக்காக எழுதினேன். ஒரே ஒருமுறை பதில் வந்தது. ஈக்களை ஒழிப்பது எப்படி என்ற சுவரொட்டி. நேர்ஸ் மார்கிறட் ஒரேயொரு முறைப்பாடு எழுதினார், நீங்களே வந்துவிட்டீர்கள். எழுத்துத் திறமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

நான் லண்டனில் இதயத்தையும் நுரையீரலையும் படித்தவன். நீங்கள் மருத்துவர்கள் அல்லர் என்பதால் எளிதாகச் சொல்கிறேன். ஒரு பிள்ளைக்குத் தொண்டை நோகும். பிறகு காய்ச்சல் வரும், முழங்கால் வீங்கும். எல்லாம் மாறிவிடும், தாய் கோயிலில் பொங்கிப் படைப்பாள். ஆனால் அந்தக் காய்ச்சல் போகும்போது இதயத்தின் கதவொன்றைக் கடித்துவிட்டுப் போயிருக்கும். அது திரும்பத் திரும்ப வந்தால் கதவு தடித்து ஒடுங்கும். போக வழியில்லாத இரத்தம் நுரையீரலில் தேங்கும். மாதம் ஒரு பெனிசிலின் ஊசி போட்டுவந்தால் காய்ச்சல் திரும்பாது. இது உலகம் அறிந்தது. நுரையீரலின் குழாய்கள் எந்தக் கட்டத்தில் இறுகத் தொடங்குகின்றன என்பதுதான் உலகம் அறியாதது. அதை லண்டனில் பார்க்க முடியாது. அங்கே எவரும் ஒரு நோயை நிம்மதியாக அதன் போக்கில் விடுவதில்லை. பிள்ளை இருமினால் நாலு டொக்டர்கள் ஓடிவருவார்கள். அறிவு வளர்வதற்கு அது நல்ல சூழல் அல்ல.

ஆகவே ஸ்கந்தபுரத்துக்கு அப்பால் இந்த வாய்க்காலோரத்துக்கு வந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி வயலாக்கிய சனம். ஒரு மண்வீட்டில் ஏழெட்டுப் பேர் மூச்சோடு மூச்சு முட்டப் படுப்பார்கள். இந்த நோய்க்கு அதைவிட நல்ல நிலம் கிடையாது. சில போகங்களில் நெல்லைவிட நன்றாக விளைந்தது.

என் முறை மிக நேர்மையானது. நோயுள்ளவர்களில் அரைவாசிப் பேருக்கு நீல அட்டை. அவர்கள் மார்கிறட்டின் அறைக்குப் போவார்கள், பெனிசிலின் கிடைக்கும். மற்ற அரைவாசிக்கு மஞ்சள் அட்டை. அவர்கள் என் அறைக்கு வருவார்கள். என் போத்தலில் இருந்தது காய்ச்சி வடித்த உப்புத்தண்ணீர். பெனிசிலினைப்போலத் தெரிய உடம்புக்குத் தீங்கில்லாத ஒரு வெள்ளைப் பொடியும் கலந்திருந்தது. தீங்கில்லாத பொடியைத் தேடுவதற்கே எனக்குப் பல வாரங்கள் சென்றன. இதையும் குறித்துக்கொள்ளுங்கள். யாருக்கு எந்த அட்டை என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தேன். நான் பாரபட்சம் பார்ப்பவன் அல்லன். இரண்டு போத்தல்களிலும் ஒரே பெயரை ஒட்டியிருந்ததால் மார்கிறட்டுக்கு எதுவும் தெரியாது.

ஒன்றை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. பெனிசிலின் கடுமையாக நோகும். உப்புத்தண்ணீர் நோகாது.

அன்னபாக்கியம் என்றொரு பெண், நீல அட்டைக்காரி, வாய்க்காரியுங்கூட. அவர் மார்கிறட்டுடன் சண்டை பிடிப்பது சுவருக்கு இப்பால் எனக்குக் கேட்கும்.

"மிஸி குத்தினால் இரண்டு நாளைக்குக் கதிரையிலை குந்தேலாது. ஐயா குத்தினது நுளம்பு கடிச்ச மாதிரியாம்."

"அப்ப ஐயாவைக் கட்டிக்கொண்டு போங்கோவன், அக்கா."

"கட்டினதொண்டுக்கே சோறாக்கி முடியேல்லை. நீங்கள் கெதியாக் குத்துங்கோ."

ஒரு டொக்டர் எங்கே படித்தார் என்று இந்தச் சனம் கேட்பதில்லை. கைராசி எப்படி என்றுதான் கேட்கும். லண்டனில் இத்தனை பரீட்சைகள் எழுதியும் வராத கைராசி, உப்புத்தண்ணீரின் புண்ணியத்தில் எனக்கு வந்துசேர்ந்தது. உடையார்கட்டிலிருந்துகூட வண்டில் கட்டிக்கொண்டு வந்தார்கள். "ஐயாவின்ர கை பூப்போல" என்றார்கள். என் அறைக்கு வரக் கிடைத்தவர்களைப் பார்த்து மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள்.

அப்படிப் பொறாமைப்பட்டவர்களில் இளையதம்பியும் ஒருவர். அவர் மகள் விமலேஸ்வரிக்கு நீல அட்டை. ஊசி நாளில் பின்னல் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே வருவாள். திரும்பிப் போகும்போது அந்த நுனி ஈரமாகத் தொங்கும். அவளுடைய இதயம் ஆறிக்கொண்டு வந்தது. தகப்பனுக்கு அது தெரியவில்லை. அழுகைதான் தெரிந்தது.

"ஐயா, பிள்ளைக்கு நீங்களே போட்டுவிடுங்கோ. ஊசியெண்டால் முதல் நாளே சாப்பாடு இறங்குதில்லை அவளுக்கு."

"அவளுக்கு மார்கிறட்டின் ஊசிதான் சரி" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

"நாங்கள் வயலுக்கை நிக்கிற ஆக்கள் எண்டுதானே, ஐயா" என்று சொல்லிச் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அதன் பிறகு அவர் செய்தது என்ன தெரியுமா? பக்கத்து வளவுச் சிற்றம்பலத்திடம் போனார். சிற்றம்பலத்தின் மகள் ஜெகதீஸ்வரிக்கு மஞ்சள் அட்டை. அந்தப் போகத்துக்குச் சிற்றம்பலத்தின் வயலைத் தன் மாடுகளைக் கட்டியே உழுது கொடுத்து, அட்டையை மாற்றி வாங்கிவிட்டார். ஒரு ஆராய்ச்சியை இப்படிக் கெடுக்கிறோமே என்ற கூச்சம் இருவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த மாதம் மஞ்சள் அட்டையோடு ஒரு பிள்ளை வந்து என் மேசையில் படுத்தது. எனக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை, இதயங்கள் நிற்கும். ஜெகதீஸ்வரியின் இதயத்தில், தூரத்தில் லொறி மேடேறுவது போன்ற உறுமல் ஒன்று உண்டு. இந்த நெஞ்சில் கேட்டதோ மெல்லிய ஊதல் மட்டும். கண்ணை உயர்த்திப் பார்த்தேன். விமலேஸ்வரி பின்னலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நோகுமோ, ஐயா?"

"நோகாது" என்றேன்.

அவளைத் திருப்பி அனுப்பியிருக்கலாமே என்கிறீர்கள். அனுப்பியிருக்கலாம். அடுத்த அறைதானே. ஆனால் சற்று யோசியுங்கள். மருந்தால் ஆறிவரும் இதயமொன்றுக்கு மருந்து நின்றுபோனால் நுரையீரல் என்ன செய்யும்? இதை அறிவதற்காக ஒரு பிள்ளையின் மருந்தை நானாக நிறுத்தியிருந்தால் அது கொடுமை. அப்படி ஒருபோதும் செய்திருக்க மாட்டேன். இங்கே தகப்பனே மாடு பூட்டி உழுது, அந்த வாய்ப்பைக் கொண்டுவந்து என் மேசையில் கிடத்துகிறார். தட்டிக் கழிக்க எனக்கென்ன உரிமை?

ஊசியை ஏற்றினேன். அவள் பின்னலை வாயிலிருந்து விட்டாள்.

"முடிஞ்சுதோ?" என்று கேட்டு, நம்பாமல் ஊசி போட்ட இடத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள்.

இன்னொன்று. மார்கிறட்டின் அறைக்குப் போன ஜெகதீஸ்வரி தேறிவிட்டாள். இப்போது தமையனின் சைக்கிளில் வாய்க்கால் கட்டு நெடுகத் திரிகிறாள். அதுவும் என் ஆராய்ச்சியின் பயன்தான். முறைப்பாட்டில் அதற்கு ஒரு வரியும் இல்லை.

மாரி தொடங்கியது. விமலேஸ்வரிக்குத் தொண்டை நொந்தது. பின்னால் காய்ச்சல் வந்தது. இளையதம்பி அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகட்டோ, ஐயா? லொறிக்காரன் ஓமெண்டவன்."

"பயணம் கூடாது. இங்கே என் கட்டிலில் விட்டுவிட்டுப் போங்கள்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் அவளைக் கைவிட்டேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. எந்தத் தகப்பனும் அவ்வளவு நேரம் ஒரு பிள்ளையின் அருகில் இருந்திருக்க மாட்டான். கதவு ஒடுங்குவதை, நுரையீரல் அடியிலிருந்து மெல்ல மெல்ல நனைவதை, ஒவ்வொரு மூச்சிலும் ஈரக் கடதாசி கசங்குவதுபோல எழுந்த ஒலியை, பக்கத்திலிருந்து கேட்டேன். மார்கிறட் ஒருமுறை, "பெனிசிலினைக் கூட்டிப் போடுவமோ, ஐயா?" என்று கேட்டார். நான் போடுகிறேன் என்றேன். போட்டேன், என் போத்தலிலிருந்து. விமலேஸ்வரிக்கு அப்போது படுக்க முடியாது. தலையணையைக் கட்டிப்பிடித்தபடி இருந்தே மூச்சு விடுவாள். நான் ஊசியோடு போனால் தானாகவே கையை நீட்டுவாள்.

"இண்டைக்கும் நீங்கள்தானே குத்துவீங்கள்?"

"ஓம், நான்தான்."

மழை விடுவதற்குள் முடிந்துவிட்டது. உள்ளே பார்க்க வேண்டும் என்று தகப்பனிடம் அனுமதி கேட்டேன். கேட்காமல் எதையும் செய்பவன் அல்லன் நான்.

"பாருங்கோ, ஐயா. உங்கட கையெண்டால் அவளுக்கு நோகாது" என்றார்.

அந்தச் சாடியில் இருப்பது அவளுடைய இதயமும் நுரையீரலும். இவ்வளவு தெளிவான உதாரணம் உலகத்தில் வேறெங்கும் இருக்குமோ தெரியாது. அதனால்தான் வெயிலைப் பற்றிச் சொன்னேன்.

அந்தச் சாடியைப் பற்றி மருத்துவர் கூட்டமொன்றில் பேசத்தான் நான் கொழும்புக்குப் போயிருந்தேன். அன்று மார்கிறட்டிடம் பெனிசிலின் முடிந்துவிட, என் அலுமாரியைத் திறந்து என் போத்தலை எடுத்திருக்கிறார். ஊசி போட்டதும் அன்னபாக்கியம் எழுந்து, குந்திப் பார்த்து, "என்ன மிஸி, உங்களுக்கும் ஐயாவின்ர கை வந்திட்டுது" என்றாராம். வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்களாம். மார்கிறட் மட்டும் சிரிக்கவில்லை. போத்தலிலிருந்து ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார். முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர். உப்பு என்றால் தெரியாதா. மிச்சத்தை உங்களுக்கு எழுதிவிட்டார்.

ஓம், தெரிந்துதான் செய்தேன். அட்டை மாறியது தெரியும், மருந்து பக்கத்து அறையில் இருந்தது தெரியும், அவள் இறப்பாள் என்பதும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் 'ஏமாற்றினார்' என்று ஒரு சொல் உங்கள் தாளில் இருக்கிறதே, அதை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடுங்கள். ஏமாற்றி அட்டையை மாற்றியவர் இளையதம்பி. அதைக்கூட நான் பொருட்படுத்தவில்லை. என் மேசையில் படுத்த பிள்ளைகள் எல்லோரும் என்னிடம் கேட்டது ஒரேயொரு கேள்விதான். அதற்கு நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.